மீட்டவர் இருக்க, மதிப்புப் போட நாம் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லெந்து எனும் தவக்கால நாட்களில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகளில் மீட்பைப் பற்றிய பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஆராதனை முடிந்து முற்றத்தில் செருப்பை மாட்டும்போதே, இன்று யார் யார் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்தார்கள், அதற்கு அவர்களுக்கு என்ன யோக்கியதை என்ற விசாரணையும் தொடங்கிவிடுகிறது. அந்த விசாரணையில் பல ஆண்டுகள் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர், குடியால் நிலத்தை இழந்து, மனைவியை அடித்ததற்காகக் காவல் நிலையம் வரை போய், நெடுங்காலம் ஆலயப் படி ஏறாதிருந்துவிட்டு, குடியை விட்டபின் சென்ற ஆண்டு திரும்பி வந்தார். வெட்டு முடித்து, குளித்து, வெளுத்த சட்டையோடு வந்தாலும் விரல் இடுக்குகளில் பால் கறுத்து ஒட்டியிருக்கும். திருவிருந்துப் பந்தியில் அவர் என் பக்கத்தில் முழந்தாளிட்டபோது, அவர் வாய் வைத்த பாத்திரம் அடுத்து என்னிடம்தான் வரும் என்று கணக்குப் போட்டு, கால் வலிப்பதுபோல் எழுந்து மறுமுனைக்குப் போய்விட்டேன். அவர் தலையைத் தூக்கவில்லை. விரல்களை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

மீட்பு என்ற சொல் நமக்கு வேதாகமத்துக்கு முன்பே அடகுக்கடையில் அறிமுகமானது. பணயம் வைத்த நகையைப் பணம் கட்டி மீட்டவருக்கே அந்த நகை சொந்தம். அதே கடையில் அவர் மீட்ட இன்னொரு நகை, பக்கத்து நகையைப் பார்த்து மாற்றுக் குறைவு என்று சொல்ல முடியாது. வெள்ளியினாலும் பொன்னினாலும் அல்ல, கிறிஸ்துவின் இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள் என்று பேதுரு எழுதுகிறார். எனக்காகக் கொடுக்கப்பட்ட விலையும் அந்தப் பால்வெட்டுக்காரருக்காகக் கொடுக்கப்பட்ட விலையும் ஒன்றே என்று அறிக்கையிடும் வாயால், அவரை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

நட்டாலத்தில் பிறந்து கிறிஸ்தவராக மாறிய தேவசகாயத்தை, அந்த விசுவாசத்துக்காக எருமை மீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதையும், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றதையும் இங்கே சிறுவர்களும் அறிவார்கள். 2022 மே 15 அன்று அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, சபை வேறுபாடு பாராமல் நாங்களும் பெருமைப்பட்டோம். அவரை எருமை மீது கொண்டுபோன அன்று வழியோரம் நின்று ஏளனம் செய்தவர்களில் நானும் இருந்திருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது. ஆயினும் அவர் குற்றமற்றவர். குற்றமற்றவருக்காக இரங்குவது எளிது. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனோ, தான் தண்டனைக்கு உரியவனே என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவன். அவனுக்கும் அன்றைக்கே பரதீசு கிடைத்தது.

இதைச் சொன்னால் குற்றங்களை மூடி மறைக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சபைப் பணத்தில் கைவைத்தவர்கள், கணக்குக் கேட்கும்போது மட்டும், மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்னும் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வதை நானும் பார்த்திருக்கிறேன். கணக்குக் கேட்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவரைக் காவல்துறையிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும். அடிபட்ட அந்த மனைவியிடம், அவரை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. ஒரு செயலைத் தவறென்று சொல்வது வேறு. அதைச் செய்தவர் இனித் தேறவே மாட்டார் என்று கணக்கை மூடிவிடுவது வேறு. பின்னதைச் செய்யும் அதிகாரம் போதகருக்கும் இல்லை, சபைக் கமிட்டிக்கும் இல்லை, முற்றத்தில் நின்று பேசும் எங்களுக்கு நிச்சயமாக இல்லை.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் ஆலயத்துக்கு வரவில்லை. மழையால் வெட்டு தள்ளிப்போயிருக்கும் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். அந்த வாரங்களில் எங்கள் பக்கம் மழையே பெய்யவில்லை. வரும் சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்.