பிளக்கைப் பிடுங்கி வை, மாப்ளே

கோத்தகிரி,
ஐப்பசி கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பெருமாள்மலை வீட்டுக்குக் குடிபோய்விட்டாய், சின்னவளுக்குத் திண்டுக்கல்லிலேயே வேலை கிடைத்துவிட்டது, முழங்கால் வலி மட்டும் கூடவே மலை ஏறி வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அண்ணனை முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டு வேலையெல்லாம் அப்புறம்" என்கிறாள் உன் தங்கச்சி. நானும் அதையேதான் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். பத்து நாளாக விடாத மழை. ஊட்டிக்காரர்களுக்கு ஆனி ஆடியில் பெய்வது எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும், உனக்குத் தெரியாததா? குன்னூரில் படிக்கும்போது நனைந்த பையோடு எத்தனை நாள் நடந்திருப்போம். கரண்ட் வருகிறது, போகிறது. இதைப் பாதி விளக்கிலும் பாதி மெழுகுவத்தியிலும் எழுதுகிறேன்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "ரூட்டர் மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன், புத்தக அலமாரியை நானே செய்யப்போகிறேன்" என்று, அதைப் படித்ததிலிருந்து உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. சந்தோஷம்தான். வேலை ஓய்ந்த பிறகு கையில் மரம் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும். ஆனால் பட்டறை போட்ட இத்தனை வருஷத்தில் நான் பயந்து நடுங்கிய இரண்டு தடவையும், சுற்றுகிற வெட்டுமுனையால் (அதைத்தான் பிட் என்போம்) மரத்தில் பள்ளம் எடுக்கிற, விளிம்பை உருட்டுகிற இந்தச் சின்ன மெஷினால்தான். அந்த இரண்டையும் நீ தெரிந்துகொண்டுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

முதலாவது போன ஐப்பசியில். ஒரு ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி உட்காரக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனது. மெஷின் மெதுவாக ஓய்ந்து நின்றது. வெளியே மழை, விரல் விறைத்திருந்தது, ஒரு டீ குடிக்கலாம் என்று மெஷினை மேஜைமேல் படுக்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அதில் இருப்பது தள்ளு சுவிட்ச். தள்ளிவிட்டால் நாம் திரும்பத் தள்ளும்வரை அப்படியே நிற்கும். கரண்ட் இல்லாதபோது அது போட்ட நிலையில் இருக்கிறதா, அணைத்த நிலையில் இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துத் தெரியாது. நானும் பார்க்கவில்லை.

இருபது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. பட்டறையிலிருந்து ஒரு அலறல். அது மெஷினா, பேத்தியா என்று ஓடுகிற நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் மெஷின் மேஜையிலிருந்து உருண்டு ஒயரில் தொங்கிக்கொண்டு, மேஜைக் காலை மென்றுகொண்டிருந்தது. பேத்தி நாலடி தள்ளி, மடியில் இழைப்புச் சுருள்களை அள்ளி வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். டிரிம்மர் என்கிற இந்தச் சின்ன ரூட்டர் நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை போகும். நொடிக்கு 500 சுற்று. அந்த மேஜைக் காலில் இன்னும் மூன்று விரல் அகலத்துக்குப் பள்ளம் இருக்கிறது. நான் அதை அடைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரே பழக்கம். கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணை, அடுத்து பிளக்கைப் பிடுங்கு, அதற்குப் பிறகுதான் டீ. கரண்ட் திரும்ப வந்தாலும் தானாக ஓடாதபடி சில மெஷின்களில் ஏற்பாடு உண்டு. உன்னுடையதில் இருக்கிறதா என்று அதோடு வந்த புத்தகத்தில் பார். இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கு. கொடைக்கானல் பக்கம் காற்றடித்து மரம் விழுந்தால் லைன் என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கோலெட் விஷயம். பிட்டைப் பிடித்துக்கொள்கிற அந்தச் சின்னக் கவ்வியைத்தான் சொல்கிறேன். நம் கடைகளில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும் கிடைக்கிறது, கால் இஞ்ச் தண்டுள்ள பிட்டும் கிடைக்கிறது. கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. கடையில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். என் கோலெட்டுக்கு ஏற்றபடி நான் கேட்டது கால் இஞ்ச், கையில் வந்தது 6 மி.மீ. நட்டை முறுக்கினேன், இறுகியதுபோலவே இருந்தது.

சில்வர் ஓக் பலகையில் 8 மி.மீ. ஆழத்துக்குக் காடி ஓட்டினேன். முக்கால்வாசி போனதும் சத்தம் மாறியது. சீராக இருந்த ரீங்காரம் கனத்து இழுபட ஆரம்பித்தது, கையிலும் ஒரு அதிர்வு. அணைத்துவிட்டு அளந்து பார்த்தேன். ஆரம்பத்தில் 8, முடிவில் 13. பிட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இன்னும் ஒரு அடி ஓட்டியிருந்தால் கழன்று பறந்திருக்கும். கழற்றிப் பார்த்தபோது தண்டைச் சுற்றிக் கருநீலமாக ஒரு வளையம், அதில் மயிரிழைபோலக் கீறல்கள். கவ்வ முடியாமல் கோலெட் தேய்த்த தடம் அது. அன்றைக்கே தடிமனை நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் ஒன்று வாங்கினேன். புதுப் பிட் எது வந்தாலும் தண்டை அளக்காமல் மாட்டுவதில்லை.

பிட் மாட்டும்போது பிளக் சுவரில் இருக்கவே கூடாது, உன் சட்டைப் பையில் இருப்பதாக நினைத்துக்கொள். தண்டை உள்ளே முட்டும்வரை விட்டு, அங்கிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து, அப்புறம் இறுக்கு. அடியில் முட்டிக்கொண்டு நின்றால் கோலெட் சரியாகக் கவ்வாது. தண்டில் முக்கால் பாகமாவது உள்ளே இருக்க வேண்டும். ஆழம் போதவில்லை என்று வெளியே இழுத்து வைத்து ஓட்டாதே, நீளமான பிட் வாங்கு. பிட் இல்லாமல் வெறும் நட்டை முறுக்கினால் கோலெட்டின் வாய் கெட்டுவிடும், அதையும் செய்யாதே. அதற்கு எண்ணெயும் போடாதே. வழவழப்பானால் பிடி நழுவும். துணியால் துடைத்து, உள்ளே இருக்கும் தூளை ஊதிவிட்டால் போதும்.

எந்தப் பக்கமாகத் தள்ளுவது என்று கேட்டிருந்தாய். கையில் பிடித்து ஓட்டும்போது, மேலிருந்து பார்த்தால் பிட் வலமாகச் சுற்றும். ஆகவே பலகையின் வெளி விளிம்பை உருட்டும்போது மெஷினை இடமாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றிக் கொண்டுபோ. சட்டத்தின் உள் விளிம்பென்றால் கோயிலைச் சுற்றுவதுபோல வலமாக வா. சரியான திசையில் போனால் மரம் கொஞ்சம் எதிர்த்துத் தள்ளும், அது நல்லது. தவறான திசையில் மெஷின் தானே முன்னால் பாய்ந்து ஓடும், உன் கை அதன் பின்னால் போகும். மர ரேகைக்குக் குறுக்கான விளிம்பை முதலில் முடித்துவிட்டு, ரேகையோடு ஓடும் விளிம்பைக் கடைசியில் எடு. மூலையில் பிய்ந்த சிராயெல்லாம் அதிலேயே சீராகிவிடும்.

ஒரே மூச்சில் ஆழம் எடுக்கப் பார்க்காதே. 12 மி.மீ. காடி வேண்டுமென்றால் மும்மூன்றாக நாலு தடவை ஓட்டு. பெரிய மெஷினும் பெரிய பிட்டும் வாங்கும் நாள் வந்தால் வேகத்தைக் குறைக்க மறக்காதே. 50 மி.மீ. அகலமுள்ள பிட்டை 24,000 சுற்றில் விட்டால் அதன் முனை மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் வேகக் குமிழின் அருமை எனக்குப் புரிந்தது.

இனி மலைக்காரர்களான நமக்கென்றே உள்ள ஒன்று. குளிர். கழுத்தில் மப்ளர், தோளில் சால்வை, கையில் கம்பளி உறை என்று பட்டறைக்குள் போகாதே. சுற்றுகிற பிட்டில் ஒரு நூல் மாட்டினால் போதும், அது மனுஷனையே இழுத்துக்கொண்டு போகும். உல்லன் ஸ்வெட்டரின் தொங்கும் கையும் அப்படித்தான். நான் உள்ளே ஒரு தெர்மல் பனியனும் மேலே கை மடித்த பருத்திச் சட்டையும் போடுகிறேன். குளிர்ந்தால் மெஷினை அணைத்துவிட்டு விரல்களைச் சூடாக்கிக்கொண்டு வருவேன். விறைத்த விரலுக்கு நழுவுவது தெரியாது, மாப்ளே. உனக்கும் எனக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை செய்வதும் நம் பழக்கம். ரூட்டரின் தூள் மாவுபோல இருக்கும், மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்துவிட்டது. மூக்கில் கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை, என்95 முகக்கவசம் போடு. ஈட்டித் தூளும் சில்வர் ஓக் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். உனக்குச் சின்ன வயதிலேயே அந்த உடம்புவாகு உண்டு, வேலை முடிந்ததும் முழங்கைவரை கழுவு. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால் 94 டெசிபலை ஒரு மணி நேரம்தான் கேட்கலாம். ரூட்டர் அதையும் தாண்டிக் கத்தும். என் இடது காதில் ராத்திரியில் கேட்கிற ரீங்காரம் நான் அடைப்பு இல்லாமல் ஓட்டிய முதல் மூன்று வருஷத்தின் மிச்சம்.

மஞ்சு இறங்கும் ஊரில் இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க நாம் அலமாரிக்குள் பல்பு எரிய விடுவோமே, அதையே நான் மெஷின் பெட்டிக்கும் செய்திருக்கிறேன். பழைய இழை பல்பாக இருக்க வேண்டும், எல்.இ.டி.யில் அந்தச் சூடு வராது. தூளைச் சுத்தமாகக் கூட்டி, பல்பைச் சுற்றிக் கம்பி வலை கட்டியிருக்கிறேன். பிட்டில் பிசின் ஏறிக் கருத்தால் மரம் தீயும், நாம் முனை மழுங்கிவிட்டது என்று நினைப்போம். மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதிப் பிட்டுகள் புதிதாகிவிடும். பேரிங் உள்ள பிட்டென்றால் பேரிங்கைக் கழற்றிவிட்டு ஊறப்போடு. மெஷினுக்குள் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற இரண்டு கார்பன் கட்டைகளையும் கழற்றிப் பார். 5, 6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்று, ஒன்றை மட்டும் மாற்றாதே. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடு.

வயரிங்கில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடு. ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறோம். பிளக் இல்லாமல் ஒயரைத் தீக்குச்சியால் சாக்கெட்டில் செருகுகிற வேலையை உன் வீட்டில் யார் செய்தாலும் தடுத்துவிடு. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக வைத்து ஓட்டாமல் முழுக்கப் பிரித்துப் போடு, இல்லாவிட்டால் உள்ளுக்குள் சூடாகி உருகும்.

இன்னொன்றை மனசு கேட்காமல் எழுதுகிறேன். இரும்பு அறுக்கிற ஆங்கிள் கிரைண்டரில் மூடியைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டுகிறார்கள் பார், அதை மட்டும் செய்யவே செய்யாதே. சின்ன கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். பல் மரத்தில் மாட்டிய கணமே மெஷின் எகிறித் திரும்ப நம்மிடமே வரும். எங்கள் தெருவில் ஒரு தம்பி, நல்ல வேலைக்காரன், இருபத்தாறு வயது, தொடையில் பதினெட்டுத் தையல். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு "மூடி தொந்தரவா இருந்துச்சுண்ணே, மூடி தொந்தரவா இருந்துச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். இப்போது நடக்கிறான். பட்டறைக்கு இன்னும் வரவில்லை.

அலமாரிக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சும்மா கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். வேண்டாம். அதன் ரேகை முறுக்கிக்கொண்டு ஓடும், ரூட்டர் போகிற இடமெல்லாம் பிய்யும், காயும்போது வளையும். முதல் வேலைக்கு நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக்கோ பழைய வீட்டுத் தேக்கோ போதும். தை மாதம் மழை விட்டதும் நான் அங்கே வருகிறேன், அதுவரை பலகைகளை நடுவில் மெல்லிய ரீப்பர் கட்டைகள் கொடுத்து அடுக்கி வை. பூம்பாறைப் பூண்டு இரண்டு கிலோ வாங்கி வைக்கச் சொல்கிறாள் உன் தங்கச்சி.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வருகிறது. கண்ணாடி ஒன்று, காதடைப்பு ஒன்று, என்னுடைய பழைய வெர்னியர். உன் மெஷினின் கோலெட்டில் என்ன அளவு பொறித்திருக்கிறது, கூட வந்த பிட்டுகளின் தண்டு எத்தனை மி.மீ. என்று அளந்து எழுது, இல்லை போன் போடு. அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.

உன்,
மாப்ளே