பூனைக்குப் பாதி மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் 27 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மனுஷருக்கான கடைதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் நாய், பூனைக்கு உடம்பு முடியவில்லை என்றால் முதலில் வந்து நிற்பது என் கடை வாசலில். கால்நடை டாக்டரிடம் போவது அதற்கு அப்புறம், அதுவும் போனால்தான். கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் பாடம் சொல்பவர்களுக்கும் இது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி மழை, கடை அடைக்கிற நேரம். கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் அவர்களும் ஒரு பூனையும்தான். "தம்பி, பூனைக்கு ஒடம்பு கணகணன்னு இருக்கு, பால்கூடத் தொடலை. காய்ச்சல் மாத்திரை ஒண்ணு குடு. பாதி போதும்ல?" "போதும் ஆச்சி, சின்ன உசுருதானே" என்று பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பூனைக்கு முகம் வீங்கி, ஈறு காப்பித்தூள் நிறமாகி, மூச்சு இரைத்திருக்கிறது. சாயங்காலம் வீட்டு வளவிலேயே, அதாவது உள்முற்றத்திலேயே, செத்துக் கிடந்ததாம். ஆச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காய்ச்சல் முத்திருச்சு போல" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

என் அக்கா மகன் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். லீவுக்கு வந்தவனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. "மாமா, அதைக் கொன்னது மாத்திரை" என்றான். பாராசிட்டமாலைப் பக்குவமாக மாற்றி வெளியே தள்ளுகிற நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவாம். தேங்குகிற நஞ்சு ரத்தச் சிவப்பணுவில் போய் விழுகிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாகி, ரத்தமே பழுப்பாகிவிடுகிறது. 3 கிலோ பூனைக்குப் பாதி மாத்திரை என்றால் கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைகள் நஞ்சேறிப் படுத்திருக்கின்றனவாம். இந்த நஞ்சை முறிக்கிற மருந்து அசிட்டைல்சிஸ்டைன். சளிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறோமே, அதே சரக்கு. அன்றைக்கு என் அலமாரியில் அது இரண்டு டப்பா இருந்தது. நான் படித்த மருந்தாளர் படிப்பான டி.பார்மில் பூனையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அவனுடைய உள்நோய்ப் பாட நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, இங்கிலீஷில். கடைக்கு வருகிறவர்கள் பேசுகிற பேச்சு வேறு. "பூனைக்கு வெளிக்கி வரலை, ரெண்டு நாளா முக்குது, வெளக்கெண்ணெய் ஊத்தியும் போகலை" என்பார்கள். 'கடுவனா, ஆண் பூனையா?' என்று உடனே கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம் என்று பிடிபடும். அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். விளக்கெண்ணெய்க்கு ஒரு நாள், என் கடைக்கு ஒரு நாள் என்று போய்விட்டால் டாக்டர் கைக்கு வருவது சவம்.

"நாய்க்குச் சூடு, மூக்குல ரத்தம்" என்று வருகிறவர்களும் உண்டு. வெந்தயம், இளநீர் எல்லாம் ஆகியிருக்கும். பல நேரம் அது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற கிருமி, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் சரிந்து ரத்தம் கசிகிறது. டாக்டர் டாக்ஸிசைக்ளின் 28 நாளைக்கு எழுதுவார். ஐந்தாம் நாள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்றதும் நிறுத்திவிட்டு, மிச்ச மாத்திரையைத் திருப்பிக்கொடுக்க என்னிடமே வருவார்கள்! இந்த உண்ணி நாய் மேல் இருப்பதைவிடச் சுவர் இடுக்கிலும் திண்ணைச் சந்திலும்தான் அதிகம் கிடக்கும். தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளோ வருஷத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடப்பவை. கல்யாணத்துக்குத் திறந்து, சென்னையிலிருந்து நாயையும் காரில் ஏற்றி வந்தால், உண்ணிக்கு அதுதான் விருந்து. 'வீடு எத்தனை நாள் பூட்டியிருந்தது?' என்று கேட்க வேண்டும் என்பதை அக்கா மகன் நோட்டில் குறித்துக்கொண்டான்.

தண்ணீர் அதிகமாகக் குடிக்கிற நாயை வெயில் என்று விட்டுவிடுகிறார்கள். பெட்டை நாயாக இருந்து, பருவம் கழிந்து ஓரிரு மாதம் என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். தன் சர்க்கரை மாத்திரையையே நாய்க்குப் போட்ட வாத்தியார் ஒருவர் எனக்குத் தெரியும். நாய்க்கு வருகிற சர்க்கரைக்கு இன்சுலின்தான் வேண்டும். சின்ன வெங்காயக் குழம்புச் சோறும் ஆகாது, சிவப்பணுவை உடைக்கும் என்றால் எங்கள் ஊரில் என்னை அடிக்க வருவார்கள்.

இப்போது பூனைக்கு என்று கேட்டால் பாராசிட்டமால் கொடுப்பதில்லை. 'பேத்திக்கு' என்று சொல்லி வாங்கிப்போகிறார்கள்.

ஐந்தரை வருஷக் கால்நடை மருத்துவப் படிப்பில் கடைசி ஒரு வருஷம் பயிற்சியாம். அதில் ஒரு வாரம் மாணவர்களை ஊர் மருந்துக்கடைகளில் உட்கார வைக்கக் கல்லூரிகள் யோசிக்கலாம். என் கடைக்கு வந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தருகிறேன். சாயங்காலம் 6 முதல் 9 மணி வரை கூட்டம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.