நெத்திலிப் பொட்டலத்தோடு

பாம்பன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறேன், மழைக்கு முன்னால் காயவைத்தது, மணல் இருக்காது. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ போன் எடுத்து இருபது நாளாகிறது. வேலை அதிகமாக இருக்கும், சரி.

அப்பத்தாவை ஹோமில் சேர்க்கலாம், பணம் நான் கட்டுகிறேன் என்றாயே, அதை நான் தப்பாக எடுக்கவில்லை. என் முதுகுவலியைப் பார்த்துத்தான் சொன்னாய். முதல் சம்பளத்தில் தண்ணீர் மெத்தை வாங்கி அனுப்பிய பிள்ளை நீ. தெருவில் சொல்லாத ஆளில்லை. ஆனால் மெத்தை ஆளைப் புரட்டிப் போடாது, ராசா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாம்தான் புரட்ட வேண்டும், இல்லையென்றால் இடுப்பில் புண் வந்துவிடும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அப்பா கூடப் பிடித்தார். இப்போது கடலுக்குப் போகிறார், நான் ஒருத்திதான். வாடைக்காற்று அடித்தால் தூக்கமே கிடையாது. "தண்ணி ஏறுது, புள்ளையத் தூக்கு" என்று அப்பத்தா கத்தும். 1964-இல் தனுஷ்கோடியில் கண்ட அந்தப் புயல் ராத்திரி அதற்கு இன்னும் விடியவில்லை. என் கையைப் பிடித்தால் நகம் பதியும்.

உனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டாய். பெரியவர்களைப் பார்க்கச் சொல்லி 2007-இல் வந்த சட்டத்தில் மகன், மகள், பேரன், பேத்தி என்றுதான் இருக்கிறதாம், மருமகள் இல்லையாம். மாத்திரை கொண்டுவரும் நர்ஸ் பிள்ளை சொன்னது. ஊர் வாய்க்கும் நான் பயப்படவில்லை. பாசம் என்றும் சொல்ல மாட்டேன், அது என்னைப் பேசிய பேச்செல்லாம் உனக்குத் தெரியும்.

அம்மாச்சி தொண்டியில் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது நான் போனது மூன்றே தடவை. உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று மாமாவிடம் சொன்னேன். பொய், ராசா. அந்த மூத்திர நாற்றத்துக்குப் பயந்தேன். கடைசித் தடவை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன். அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அப்பத்தாவைப் புரட்டும்போதெல்லாம் அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

நீ சொன்ன ஹோமில் கட்டிலுக்குப் பக்கத்தில் சன்னல் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

லீவு கிடைத்தால் இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. அப்பத்தா உன்னை அப்பா என்று நினைத்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடும். "என்னம்மா" என்று கேள், போதும். நேரத்துக்குச் சாப்பிடு. போனை எடு.

அம்மா