2024–25 ஆண்டறிக்கை: மதுரையில் நின்று கேட்ட கதைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது மன்றத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஊர் வரலாற்றுக் கூட்டங்களை இனி அரங்கத்துக்குள் நடத்துவதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். எந்த இடத்தைப் பற்றிப் பேச்சோ, அங்கேயே போய் நிற்பது. அங்கே வாழ்கிறவர்களைப் பேசவிட்டு நாம் கேட்பது. இந்த ஆண்டின் பணி முழுவதும் இந்த முடிவை ஒட்டியே நடந்தது.

முதல் கூடுகை விளக்குத்தூண் அருகில். ஊரைச் சுற்றியிருந்த நாயக்கர் காலக் கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கு அந்த நிலத்திலேயே மனை கிடைத்தது. வெளி வீதிகள் உருவானது அப்படித்தான். பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி ஆகியவற்றின் பெயர்கள் அப்போது இந்தப் பணியில் ஈடுபட்டவர்களுடையவை. அந்த வீதிகளிலேயே பிறந்து வளர்ந்த வணிகர்கள் பலர் இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே எஞ்சி நிற்கும் கோட்டைப் பகுதியை அன்று மாலையே குடும்பத்துடன் போய்ப் பார்த்தவர்களும் உண்டு.

ஆவணி மூலத் திருவிழாவின்போது புட்டுத்தோப்பில் கூடினோம். பிட்டுக்கு மண் சுமந்த கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். வையை ஆறு பெருகுகிறது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டிய மன்னன் ஆணையிடுகிறான், ஆளில்லாத வந்தி என்ற கிழவிக்குக் கூலியாளாக இறைவன் வருகிறான். பிரம்படி எல்லோர் முதுகிலும் விழுந்த இடத்தைத்தான் நாம் வழக்கமாக விரித்துச் சொல்வோம். அன்று பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியை வேறோர் இடத்தில் நிறுத்தினார். கரையை அளந்து வீட்டுக்கு வீடு பங்கு பிரித்துக் கொடுத்தார்கள் அல்லவா, பிட்டு விற்றுப் பிழைத்த கிழவிக்கும் ஒரு பங்கு வந்தது அல்லவா, இன்று நம்முடைய பங்கு எது என்று கேட்டார். கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஆகாயத்தாமரை மண்டிய ஆறு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஊராரே கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற பழைய ஏற்பாடு இந்தக் கதைக்குள் உயிரோடு இருப்பதை அன்று பலரும் உணர்ந்தோம். கூடுகை முடிந்ததும் ஆற்றங்கரைத் தூய்மைப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மன்றத்துக்குப் புதியவர்கள். இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த நாள் அது.

தைப்பூசத் தெப்பத் திருவிழாவையொட்டி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் கூடினோம். திருமலை நாயக்கர் மகாலுக்கு இங்கே மண் எடுத்தார்கள் என்பதும், அப்போது முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்பதும் வழிவழியாக வரும் செய்திகள். அந்தப் பகுதி இளைஞர்களோ வறண்டு கிடந்த குளத்துக்குள் கிரிக்கெட் ஆடிய கதைகளைச் சொன்னார்கள். பனையூர்க் கால்வாய் வழியே வையை நீர் குளத்துக்கு வந்த பிறகு தங்கள் ஆட்டம் நின்றதைக்கூட அவர்கள் பெருமையாகவே சொன்னார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதுவும் ஊர்க் கதையாகும் என்பதால் அனைத்தையும் பதிவு செய்துள்ளோம். பதிவேட்டில் கர்ணபரம்பரைச் செய்தியையும் கல்வெட்டு, ஆவணச் செய்தியையும் தனித்தனியே குறிக்கும் முறையைத் தொடங்கியிருக்கிறோம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நாளை நம் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த 1939 ஜூலை 8 ஆலயப் பிரவேச நாளை, அதை முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயரையும், உள்ளே சென்றவர்களில் ஒருவரான கக்கனையும் நினைவுகூர்ந்து கடைப்பிடித்தோம். உயர் நீதிமன்றக் கிளை எழுந்திருக்கும் உலகனேரி கண்மாய் பற்றிய கூடுகை மழையால் தள்ளிப்போய் நடைபெறாமலே போனது. அதை வரும் ஆண்டில் முதலாவதாக நடத்த வேண்டும்.

மார்ச் மாதம் அரிட்டாபட்டிக்குச் சென்றோம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. தமிழின் பழைய எழுத்தான தமிழியில் அமைந்த கல்வெட்டும், சமணப் படுக்கைகளும், முற்காலப் பாண்டியர் குடைவரையும் அங்கே உள்ளன. அதையும் உள்ளடக்கிய பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தது. மேலூர் வட்டாரக் கிராமங்கள் திரண்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டத்தில் நம் உறுப்பினர்கள் சிலர் தனிப்பட்ட முறையில் கலந்துகொண்டார்கள். மன்றத்தின் பெயரில் நாம் சென்றது, அந்த மக்கள் தங்கள் ஊரைச் சொல்லக் கேட்பதற்காக.

கழிஞ்சமலை, நாட்டார்மலை, தேன்கூடுமலை, இராமாயிமலை என்று ஒவ்வொரு குன்றையும் பெயர் சொல்லிக் காட்டினார்கள். எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, எந்தப் பாறையில் வல்லூறு கூடு கட்டும், எந்த ஓடை எந்தக் கண்மாயில் விழும் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொன்னார்கள். ஏல அறிவிப்பில் அது பரப்பளவு குறித்த ஒரு நிலத்துண்டு. அவர்களுக்கோ அடிக்கு அடி பெயரும் கதையும் உள்ள மண். அந்தப் பெயர்களும் கதைகளும் ஒவ்வொரு வீட்டிலும் இருந்ததால்தான் அத்தனை ஊரும் ஒரே நாளில் தெருவுக்கு வர முடிந்தது என்று உறுதியாக நம்புகிறேன். நகரத்துக்குள் நாம் இழந்த கண்மாய்களுக்காக அப்படி யாரும் வரவில்லையே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புதிதாகக் குடியேறியவர்களிடம் இந்தப் பணியைக் கொண்டு செல்வதில் நாம் இன்னும் வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். ஒலிப்பதிவுகள் உறுப்பினர்களின் கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் சேர்க்கவும், பேசியவர்களின் எழுத்துவழி ஒப்புதலின்றி எதையும் வெளியிடாதிருக்கவும் இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு இவற்றை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கதை சொன்ன பெரியவர்களுக்கும், நிழலும் குடிநீரும் தந்த கடைக்காரர்களுக்கும், அரிட்டாபட்டியில் எங்களுக்குச் சோறிட்ட தாய்மார்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

செயலாளர்