இடிக்கும் முன் ஒரு பிற்பகல் அளந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்தவர்கள் எழுதும் கடிதங்களை உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். "போகாமலே இருந்திருக்கலாம்" என்று முடித்திருந்தார் ஒருவர். அந்த வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. நானும் போனேன். வீடு இல்லை. ஆனால் போனதற்காக நான் வருந்தவில்லை, இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்காகத்தான் வருந்துகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 36 வருடம் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவன். டிராப்ட்ஸ்மேன் என்பார்கள். முதல் பாதி டிரேசிங் பேப்பரும் மைப்பேனாவும், பிற்பாதி கணினி. எத்தனையோ குடும்பங்களுக்குப் புது வீட்டின் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். அதே இடத்தில் நின்ற பழைய வீட்டையும் வரைந்து கொடுங்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானாகவும் வரைந்ததில்லை. மனையின் நான்கு பக்க அளவு, சாலையின் அகலம் என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவேன். மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு என் தாளில் விட்டுவிட்டு இழுத்த உடைகோட்டால் போட்ட ஒரு செவ்வகமாகவும், அதற்குள் "இடிக்கப்பட வேண்டியது" என்ற எழுத்தாகவும் முடிந்துவிடும்.

11 வயது வரை நான் வளர்ந்த வீட்டுக்குப் போன மாதம் போனேன். தெரு திரும்பியதுமே தெரிந்துவிட்டது. வீடு இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. கிட்டே போனால் தரைத்தளத் தூண்கள் எழும்பி, மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, தலைக்கவசம் போட்ட இளைஞர் ஒருவர் வந்தார். சைட் இன்ஜினியர்.

"யாரைப் பாக்கணும் ஐயா?"

"யாரையும் இல்ல தம்பி. நான் இங்கதான் வளந்தேன்."

அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு, "உள்ள வாங்க. கீழ கம்பி கிடக்கு, பாத்து வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பழைய வீட்டில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் தலைவாசலின் கருங்கல் படி. சாமான் கொட்டகைக்கு முன்னால் சேற்றில் கால் வைக்காமல் இருக்கப் போட்டிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்கு அடையாளம் தெரிந்தது. கல்லின் இடப்பக்கம் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கும். எங்கள் வாசல் இரட்டைக் கதவு. வலது கதவைத் தாழ்போட்டே வைத்திருப்போம், விசேஷத்துக்கும் சாமான் ஏற்றி இறக்கவும்தான் திறப்பது. அதனால் வீட்டில் இருந்த அத்தனை பேரும், வந்து போன அத்தனை பேரும், இடப்பக்கமாகவே காலை வைத்தார்கள். வலப்பக்கத்தில் உளி கொத்திய புள்ளிகள் இன்னும் சொரசொரவென்று இருக்கின்றன. இடப்பக்கம் உள்ளங்கையை வைத்தால் வழுக்குகிறது.

பையில் டேப் இருந்தது. பழக்கம், எங்கே போனாலும் இருக்கும். கல்லின் நீளம் 4 அடி 2 அங்குலம். குழிவின் ஆழம் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். நிலையின் கால்கள் உட்கார்ந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே 3 அடி 4 அங்குலம். எழுதிக்கொண்டேன்.

அன்று இரவு தாளை விரித்து வீட்டின் தரைத்தளப் படத்தை வரைய உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் வீடு முழுதாக நிற்கிறது. கோடு இழுக்கப் போனால் நழுவுகிறது. என் நினைவில் எங்கள் கூடம் 20 அடி அகலம். ஒருவர் கத்தினால் மறுமுனையில் எதிரொலிக்கிற கூடம். ஆனால் அதன் சிவப்புத் தரையில் கட்டம் கீறியிருக்கும், நானும் அக்காவும் அதில்தான் தாண்டித் தாண்டி விளையாடுவோம். வாசலுக்கு நேரே சரியாக இரண்டு கட்டம், கதவுக்கு ஒன்றாக. சுவருக்குச் சுவர் ஆறு கட்டம். இந்த எண்ணிக்கை மட்டும் எனக்குத் துளியும் மறக்கவில்லை. வாசல் 40 அங்குலம் என்றால் ஒரு கட்டம் 20 அங்குலம். ஆறு கட்டம் 120 அங்குலம். 10 அடி! பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் ஆறு பேர் படுத்துறங்கிய கூடம் 10 அடிதான்.

வீடு சுருங்கிவிடவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆறு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 115 செ.மீ. கண் மட்டம் தரையிலிருந்து மூன்றரை அடிக்குச் சற்று ஏறக்குறைய. அங்கிருந்து பார்த்துப் பதிந்த வீடு அது. கால் நீளம், கை நீளம், சுவர், கூரை எல்லாமே அந்த உடம்பின் அளவில் பதிந்தவை. இடத்தை மூளை எப்படிக் குறித்துவைக்கிறது என்று ஆராய்ந்த ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையில் குறிப்பிட்ட ஓரிடத்துக்கு அது வரும்போது மட்டும் துடிக்கிற செல்களை 1971இல் கண்டுபிடித்தார். மூளையில் இடமறியும் வேறு வகைச் செல்களைப் பின்னாளில் கண்டுபிடித்த மோசர் தம்பதியோடு சேர்த்து 2014இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, தலைக்குள் ஒரு வரைபடம் இருப்பது உண்மைதான். என் தலைக்குள் இருக்கிற படத்துக்கு அளவுகோல் மட்டும் இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள். மாடிப்படி எத்தனை என்று கேட்டேன்.

"பதிமூணு."

"பதினொண்ணுக்கா. எண்ணிக்கிட்டேதான் ஏறுவேன்."

"பதிமூணுடா. நான் இருட்டுல ஏறுனவ. உனக்குப் பயம், நீ என் பாவாடையப் புடிச்சிக்கிட்டு வந்தவன்."

சமையலறை ஜன்னல் எந்தச் சுவரில் இருந்தது என்பதிலும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. அம்மா இருந்தால் ஒரே வார்த்தையில் தீர்ந்திருக்கும். அம்மா போய் ஆறு வருடமாகிறது. அவளிடம் ஆயிரம் விஷயம் பேசியிருக்கிறேன், இதைக் கேட்கத் தோன்றவில்லை.

போட்டோ இருக்குமே என்பீர்கள். எங்கள் வீட்டில் எடுத்த படங்கள் மொத்தம் ஒன்பது. ஏழில் நாங்கள் எல்லோரும் வெளிச்சத்துக்காக ஒரே முன்சுவரின் முன்னால் நிற்கிறோம். அம்மா நாளெல்லாம் நின்ற சமையலறை ஒன்றில்கூட இல்லை. மாடிப்படியும் இல்லை. இன்று கைபேசியில் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறோமே, அவற்றையும் எடுத்துப் பாருங்கள், முகங்கள்தான் இருக்கும். முகத்துக்குப் பின்னால் அரையடிச் சுவர் தெரிந்தால் அதிகம்.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டை விற்கப்போகிறீர்கள், இடித்துக் கட்டப்போகிறீர்கள் என்றால், தாராளமாகச் செய்யுங்கள். வீடு மனிதருக்காகத்தான். ஒழுகுகிற கூரைக்கடியில் நினைவுக்காக யாரும் குடியிருக்க முடியாது. ஆனால் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள். இரண்டு பேர், ஒரு டேப், ஒரு நோட்டு போதும். அளக்காமல் முதலில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குத்துமதிப்பாகக் கையாலேயே படம் போடுங்கள். பிறகு ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவரையும் அளந்து, மூலைக்கு மூலை ஒரு குறுக்களவும் கட்டாயம் எடுங்கள். பழைய வீட்டு அறைகள் சரியான செங்கோணத்தில் இருப்பது அபூர்வம். நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் அறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. குறுக்களவு இருந்தால் அறை இரண்டு முக்கோணமாகி, படம் அசையாமல் நிற்கும். ஒரே சுவரில் கதவும் ஜன்னலும் இருந்தால் துண்டு துண்டாக அளந்து கூட்டாதீர்கள், துண்டுக்குத் துண்டு பிழை ஏறும். டேப்பின் நுனியை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் படித்துக்கொண்டே போங்கள். சுவரின் கனத்தைக் கதவு நிலையருகே எடுக்கலாம். தரையிலிருந்து ஜன்னல் அடிக்கட்டை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம், மாடிப்படி எத்தனை, ஒரு படி எத்தனை அங்குலம். அவ்வளவுதான்.

அளவு முடிந்ததும் வீட்டின் மூத்தவரை உட்கார வைத்துப் படத்தைக் காட்டுங்கள். யார் எங்கே படுத்தார்கள், மழைக்கு எந்த மூலை ஒழுகியது, மாலை வெயில் எதுவரை வந்தது என்று அவர் சொல்லச் சொல்லச் சிவப்பு மையால் அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். படம் கையில் இருந்தால் பேச்சு தானாக வரும், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்: அக்கா இப்போது தினமும் போன் செய்கிறாள்.

என் தொழிலில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1933இல் அமெரிக்காவில், பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்து நின்ற கட்டடக் கலைஞர்களுக்குக் கூலி கொடுத்து, பழைய கட்டடங்களை அளந்து வரையவைத்தார்கள். அந்தப் படங்களை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் சேர்த்தார்கள், அந்தப் பணி இன்றும் நடக்கிறது. பெரிய மாளிகைகள் மட்டுமல்ல, எளிய வீடுகளும் களஞ்சியங்களும்கூட அதில் இருக்கின்றன. நமக்கு அரசாங்கம் வர வேண்டாம். மனையை அளக்கத்தான் போகிறோம், டேப்பும் கையில்தான் இருக்கிறது. இடிக்கும் முன் இன்னும் ஒரு மணி நேரம் இருந்து பழைய வீட்டையும் அளந்து, படத்தின் ஒரு பிரதியை அங்கே வாழ்ந்தவர்களுக்குக் கொடுங்கள். 36 வருடத்தில் இதை நான் ஒருவருக்குக்கூடச் செய்யவில்லை. என் தாளில் உடைகோடாகிப் போன வீடுகளை நினைத்தால் இப்போது மனம் கனக்கிறது.

எங்கள் வீட்டுப் படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மாடிப்படிக்கு எண் போடவில்லை. சமையலறை ஜன்னலை இரண்டு சுவரிலும் உடைகோட்டில் விட்டிருக்கிறேன்.

போன வாரம் அந்த இன்ஜினியர் தம்பி அழைத்தார். கல்லை எறிய வேண்டாம் என்று உரிமையாளரிடம் கேட்டாராம். பின்பக்க வாசலுக்குப் படியாகப் போட்டுக்கொள்ள அவர் சம்மதித்துவிட்டார். "எந்தப் பக்கம் இடதா வரணும் ஐயா?" என்று கேட்டார். வாய்ச்சொல்லில் விடாமல், கல்லின் படத்தை ஒன்றுக்குப் பத்து அளவில் வரைந்து, குழிந்த பக்கத்தில் அம்புக்குறி போட்டு அன்றைக்கே அனுப்பிவைத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைபடக் கலைஞர்,
உங்கள் நெடுநாள் வாசகர்