செல்வத்துக்கு: பிரகாஷ் போலீஸ் வேலைக்குத் தயாராவது பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் வாட்ஸ்அப் பார்த்ததும் போன் போட்டுப் பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நாம் போனில் பேசினால் பாதியில் ஊர்க்கதைக்குப் போய்விடுவோம், சொல்ல வேண்டியது நின்றுபோகும், அதனால் எழுதுகிறேன். உன் பையன் பிரகாஷ் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான் என்பதில் எனக்கு மனசார சந்தோஷம். அவன் அம்மா, தங்கச்சி, இதை நினைத்து ஒரே அழுகை என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டு.

உயரம் 171 என்கிறாயே, எங்கே அளந்தது? வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்தது என்றால் நம்பாதே. காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலத்துக்குள் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறையும். உங்கள் பிரிவுக்கு 170 வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பையன்களுக்கு 167). மார்பு 81, மூச்சை இழுத்துப் பிடித்தால் அதற்கு மேல் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். இந்த விரிவில் விழுகிற பையன்கள் நிறைய. நல்ல உடம்பாக இருப்பான், மூச்சை நிதானமாக இழுக்கத் தெரியாமல் பதறிப்போய் வயிற்றை உப்பிக்கொண்டு நிற்பான். அப்புறம் முட்டி இடிக்கிறதா, தட்டைப் பாதமா, நிறக்குருடு இருக்கிறதா என்று இப்போதே ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. ஒரு வருஷம் ஓடிவிட்டு மெடிக்கலில் திரும்பி வந்தால் பையன் மனசு உடைந்துபோகும்.

ஓட்டம் 1500 மீட்டர், 7 நிமிஷத்துக்குள். இதற்கு மார்க் கிடையாது, முடித்தால் உள்ளே, முடிக்காவிட்டால் வெளியே, அவ்வளவுதான். 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் ரவுண்டு, ஒரு ரவுண்டுக்கு 1 நிமிஷம் 52 நொடி கணக்கு வரும். பையன்கள் முதல் ரவுண்டை ஒன்றரை நிமிஷத்துக்குள் பறந்து முடித்துவிட்டு மூன்றாவது ரவுண்டில் நடக்கிறார்கள். அவனுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு ரவுண்டையும் ஒரே அளவு நேரத்தில் ஓடப் பழகச் சொல். தினமும் முழு 1500 ஓட வேண்டிய அவசியமும் இல்லை; ஒரு நாள் மெதுவாக நாலைந்து கிலோமீட்டர், ஒரு நாள் 400 மீட்டராகப் பிரித்துப் பிரித்து, ஒரு நாள் ஓய்வு. ரோட்டில் ஓடவிடாதே, மண் தரையில் ஓடட்டும், கணைக்கால் எலும்பில் வலி வந்தால் மாசக்கணக்கில் போகாது.

மார்க் வருவது அதற்கு அடுத்து. கயிறு ஏறுவது, நீளம் அல்லது உயரம் தாண்டுவது, 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். இந்த மூன்றுக்கும் சேர்த்து 24 மார்க். கயிறு 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு, ஸ்டாரைப் பொறுத்துத்தான் மார்க். பையன்கள் கைப்பலத்தை நம்பி ஏறுகிறார்கள், நாலு மீட்டரில் கை விட்டுப்போகிறது. கயிற்றை ஒரு பாதத்துக்கு மேலும் மறு பாதத்துக்குக் கீழுமாகக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கத் தெரிந்தால் பாதி பாரம் காலுக்குப் போய்விடும். அதை எழுதிப் புரியவைக்க முடியாது, நேரில் காட்டுகிறேன்.

எழுத்துத் தேர்வை அவன் லேசாக எடுத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய், எனக்கு அதுதான் கவலை. பத்தாம் வகுப்பு தகுதி என்பதால் டிகிரி முடித்தவர்களும் இன்ஜினியரிங் முடித்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, 80 கேள்வி. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்து 70 மார்க்குக்கு பொது அறிவு 45 கேள்வி, உளவியல் 25 கேள்வி. உளவியல் என்றதும் பயப்பட வேண்டாம், கணக்கும் தர்க்கமும் அதற்குள்தான் வருகின்றன. ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகங்களை வரி விடாமல் படித்தால் போதும், கைடு வாங்கிக் குவிக்காதே. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மார்க் 6 வரை உண்டு, அவன் பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தானே, சர்டிபிகேட்டைத் தேடி எடு. தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழும் முக்கியம், 20 சதவீத ஒதுக்கீடு அதை வைத்துத்தான். படித்த பள்ளிகள் ஒவ்வொன்றிலும் போய் வாங்க வேண்டியிருக்கும், நோட்டிபிகேஷன் வந்த பிறகு அலையாதீர்கள்.

இன்னொன்று. கோயில் கொடை விழாவில் சண்டை, பைக் தகராறு என்று அவன் பெயரில் ஏதாவது எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா? கேட்டுப்பார், மிரட்டாமல் கேள். தேர்வான பிறகு அவன் நடத்தையை போலீஸ் விசாரிக்கும். வழக்கு இருப்பது ஒரு சிக்கல், அதை விண்ணப்பத்தில் மறைப்பது அதைவிடப் பெரிய சிக்கல். எல்லா மார்க்கும் எடுத்து அந்த இடத்தில் வேலையை இழந்த பையன்களை எனக்குத் தெரியும்.

சரி, இதெல்லாம் எந்த அகாடமியிலும் சொல்லிக்கொடுப்பார்கள். யாரும் சொல்லாததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

செலக்ஷன் ஆனதும் ஸ்டேஷனில் உட்கார்ந்து புகார் வாங்கப்போகிறோம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். பிரகாஷ் போகப்போவது ஆயுதப்படைக்கு, இல்லாவிட்டால் சிறப்புக் காவல் படைக்கு. கருவூலத்தில் பாரா (காவல் நிற்பது), கைதிக்கு வழிக்காவல், தேர்தல், திருவிழா, தலைவர்கள் வருகை என்று வெயிலில் நிற்கிற வருஷங்கள் நிறைய. சிறப்புக் காவல் படை பட்டாலியன் என்றால் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் லாரி ஏற வேண்டும். நான் மணிமுத்தாறு பட்டாலியனில் இருந்த காலத்தில் தீபாவளிக்கு வீட்டில் இருந்தது அபூர்வம். ஆரம்பச் சம்பளம் 18,200 அடிப்படை, படிகள் தனி. 10 வருஷத்தில் முதல்நிலைக் காவலர், அப்புறம் ஏட்டு. சீக்கிரம் மேலே வர ஆசைப்பட்டால் எஸ்.ஐ. தேர்வில் துறைக்காரர்களுக்கு 20 சதவீத இடம் இருக்கிறது, படிப்பை விடாமல் வைத்திருந்தால் எழுதலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வரட்டும். தெரியாமல் வந்தவர்கள்தான் இரண்டு வருஷத்தில் கசந்துபோய், அந்தக் கசப்பை ரோட்டில் போகிறவன் மேல் காட்டுகிறார்கள்.

பயிற்சிப் பள்ளியில் ஏழு மாசம். இருட்டிலேயே விசில், பி.டி., கவாத்து, லத்தி, துப்பாக்கி. உடம்பு முதல் மாசம் அழும், பிறகு பழகிவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கஷ்டம் சட்ட வகுப்பில். காலையில் அவ்வளவு ஓடிவிட்டுச் சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் தானாக மூடும். அங்கே பிரகாஷ் தூங்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, எங்களுக்கு மனப்பாடமாக இருந்த பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன, இந்தத் தலைமுறை புதிதாகப் படிக்க வேண்டும். ஆனால் எது மாறினாலும் சில விஷயங்கள் மாறவில்லை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காரணம் சொல்வதும் 24 மணி நேரமும் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது; கைதுக் குறிப்பையும் வீட்டாருக்குத் தகவலையும் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரிசையாக எழுதிவைத்தது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கூட்டிப்போன தந்தையும் மகனும் காவலில் இறந்துபோனார்கள். அந்த வழக்கில் சிக்கியது இன்ஸ்பெக்டர் மட்டும் அல்ல, சாதாரணக் காவலர்களும் கொலைக் குற்றச்சாட்டில் ஜெயிலுக்குப் போனார்கள். அதே ஸ்டேஷனில் அன்று பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் அப்படியே சொன்னார். கடைநிலையில் இருப்பவர்களுக்கும் முடிவெடுக்கிற ஒரு நிமிஷம் வரும், செல்வம். 'ஐயா சொன்னார், செய்தேன்' என்பது கோர்ட்டில் நிற்காது, அதைவிட, மனசில் நிற்காது. பிரகாஷ் கோபக்காரன் இல்லை, நீயும் அவனைக் கைநீட்டி வளர்க்கவில்லை, அதனால்தான் இவன் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். புகார் கொடுக்க ஒரு கிழவி வந்தால் உட்காரச் சொல்லி, கேட்டு, மனு ரசீது போட்டுக் கொடுக்கிற ஆள் ஸ்டேஷனுக்கு ஒருவராவது வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது, கார் பருவ நெல் நடவு ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு முட்டி வலி கூடிவிட்டது, நடைப்பயிற்சி மட்டும்தான். பெரியவள் தென்காசியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். திருப்பூரில் கம்பெனி ஆர்டர் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, எழுது.

பிரகாஷை ஒரு வாரம் இங்கே அனுப்பு. காலையில் மைதானத்துக்கு நானே கூட்டிப்போகிறேன், கயிறும் இருக்கிறது. சாயங்காலம் சட்டம் பேசலாம். தங்கச்சியை இரவு எட்டு மணிக்கு மேல் போன் பண்ணச் சொல், உன் மதினி பேசுகிறேன் என்கிறாள். போலீஸ்காரன் வீட்டில் இருப்பது எப்படி என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும், தங்கச்சி கேட்க வேண்டியதை எல்லாம் அவளிடமே கேட்கட்டும்.

அன்புடன்,
சண்முகம்
அம்பாசமுத்திரம்