கேபிள் களவு போனதைப் பற்றி அப்பா எழுதுவது

குடியாத்தம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நாங்கள் நலம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்லபடியாக முடிந்தது. அந்தக் கதையெல்லாம் நீ போனை எடுத்தால் உன் அம்மா சொல்லுவாள். நான் எழுத உட்கார்ந்தது உன் பேட்டரிக் காரின் சார்ஜிங் கேபிளைப் பற்றி. மூன்று வாரத்துக்கு முன், தெருவிளக்குக் கம்பத்தில் சார்ஜுக்குப் போட்டிருந்த கேபிளை இரவில் எவனோ வெட்டிக்கொண்டு போய்விட்டான் என்று, பால் திரிந்துவிட்டது என்பதுபோல ஒரே வரியில் அவளிடம் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாயாம். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

நாற்பது வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவனுக்குக் கம்பி களவு போனது என்றால் கை சும்மா இருக்காது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 32 ஆம்பியர் சிங்கிள் பேஸ் கேபிள் என்றால் உள்ளே 6 சதுர மில்லிமீட்டர் கம்பி மூன்று ஓடும். ஐந்து மீட்டர் நீளத்துக்குச் செம்பு ஏறத்தாழ 800 கிராம்தான் தேறும். ஒரு கிலோகூட இல்லாத செம்புக்காக ஒருவன் நடுராத்திரியில் தெருவில் உட்கார்ந்து அறுக்கிறான் என்றால், அந்தத் தெரு எப்படிப்பட்ட தெரு என்று நீ யோசித்தாயா? லண்டன் என்றால் எல்லாத் தெருவும் ஒன்று என்று நினைக்கிற அளவுக்கு உன் அப்பா விவரம் கெட்டவன் இல்லை.

கேபிளைச் செருகியதும் காரை ரிமோட்டால் பூட்டிவிட வேண்டும். பல கார்களில் பூட்டினால்தான் சாக்கெட்டுக்குள் இருக்கும் சிறு முள் இறங்கிப் பிளக்கைப் பிடித்துக்கொள்ளும். பூட்டியபின் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். சில கார்களில் சார்ஜ் நிறைந்ததும் அந்த முள் தானாகவே விடுபட்டுவிடும்; உன் காரில் அப்படி இருந்தால், கதவைத் திறக்கும்வரை விடாதபடி செட்டிங்கை மாற்றிவை. சில பிளக்குகளின் கைப்பிடியில் சிறு பூட்டு மாட்டத் துளை இருக்கிறதாம். புதிது வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கு. கேபிளின் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்தச் சொல்லும் புத்திசாலிகள் பேச்சைக் கேட்காதே, உள்ளே கம்பி நசுங்கிவிடும். மிச்ச நீளத்தை இறுக்கமாகச் சுருட்டியும் வைக்காதே. சுருளாகக் கிடக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு வெளியேறாது என்பதை எட்டு வயதில் என் கடையில் உட்கார்ந்து கேஜ் வாரியாகக் கம்பி பிரித்துக் கொடுத்த உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அந்தப் பெண்தான் எலக்ட்ரிகல் படித்துச் சீமைக்குப் போனாள் என்று இன்றும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பூட்டெல்லாம் பிளக்கை உருவுகிறவனுக்குத்தான், வெட்டுகிறவனை நிறுத்தாது. வெட்டினால் ஷாக் அடிக்கும் என்ற பயமும் அவனுக்குக் கிடையாது, ஏனென்றால் காரும் கம்பமும் பேசிக்கொள்ளும் மெல்லிய சிக்னல் கம்பி அறுந்ததுமே சப்ளை நின்றுவிடும். ஆனாலும் வெட்டுப்பட்ட முனையை நீ கையால் தொடக் கூடாது. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்குச் சொல், பிறகு அவசரமில்லாத புகாருக்கு அங்கே இருக்கும் 101-இல் போலீசுக்குச் சொல், இன்ஷூரன்சில் கேபிளுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பார். சார்ஜ் நடுவில் நின்றால் போனில் தகவல் வரும்படி வைத்துக்கொள். தகவல் வந்தாலும் தனியாக இறங்கிப் போகாதே. முடிந்தவரை ராத்திரி முழுவதும் கேபிளைத் தெருவில் விட்டுவைக்காதே. பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், வேண்டிய அளவு ஏற்றிக்கொண்டு கேபிளை டிக்கியில் வைத்துப் பூட்டு. காருக்குள் உட்கார்ந்தபடியே இரவில் காவல் காக்கும் வேலை மட்டும் வேண்டாம். நீ அப்படிச் செய்வாய் என்று சொல்லவில்லை.

போன வருடம் வீடியோவில் மாப்பிள்ளை சுவரில் பதித்த சார்ஜரைக் காட்டினார். அதன் கேபிள் பெட்டியோடு சேர்ந்தே இருந்தது, கழற்ற முடியாதது. அது நல்ல வேலைப்பாடு. அது பழுதாகியிருக்கலாம், நான் ஒன்றும் கேட்கவில்லை. காரைப் பூட்டியபின் ஒரு முறை இழுத்துப் பார், அது போதும்.

கம்பி திருடுகிறவனை நான் திட்டத் தகுதி உள்ளவனா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். உனக்குக் காது குத்திய வருடம், ஒருவன் சாக்கில் செம்புக் கம்பி கொண்டுவந்தான். மேலுறையை எரித்து எடுத்த கம்பி. கரி கையில் ஒட்டியது. எந்தக் கிணற்றில் அறுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்க முடியாது என்பதால்தான் கேட்கவில்லை. பாதி விலைக்கு எடை போட்டு வாங்கிக்கொண்டேன். நாலாம் நாள் பரதராமிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, கிணற்று மோட்டாரின் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மல்லாட்டை காய் பிடிக்கிற நேரம், தண்ணீர் இல்லை என்று கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் சாக்கு இருந்தது. அவருக்குப் புதுக் கேபிளை முழு விலைக்கு அளந்து கொடுத்து, ஒரு ரூபாய் குறைக்காமல் எண்ணி வாங்கினேன். உன் காதில் போட்ட கம்மல் அந்த வாரத்துக் காசு. அவர் சாகும்வரை என் கடைக்கே மோட்டார் கொண்டுவந்தார். நானும் சொல்லாமலே இருந்துவிட்டேன். உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு சொல்லாமல் இருப்பது எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொரு வேலையும் செய்திருக்கிறேன். கேபிளில் பெயரும் வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் பொறித்திருந்தால் முழுசாக உருவி விற்கிறவனுக்கு அது தொல்லை என்பதால், பித்தளையில் இரண்டு வில்லைகள் வெட்டி, முனைக்கு ஒன்றாகக் கட்டத் துளையும் போட்டுவிட்டேன். எழுத்து உளியால் உன் பெயரை முதல் வரியில் அடித்தாயிற்று. இரண்டாவது வரியில் எந்த வீட்டு எண்ணை, எந்தக் குறியீட்டை அடிக்க வேண்டும் என்று எழுது. பழையதையே அடிக்கலாம் என்று உளியைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். போனில் சொல்ல வேண்டாம், அம்மா பக்கத்தில் இருப்பாள். கடை விலாசத்துக்கு எழுது.

அன்புடன்,
அப்பா